மீகா 6:8 பேனர்ல இருக்கு, ஆனா எங்க கோயில் செக்ஸ்டன் விஷயத்துல என்ன செய்யன்னு தெரியல

பொருநைக்கரையான்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா வாசிக்க மட்டும்தான் வருவேன், இன்னிக்கு எழுத வேண்டியதாப் போச்சு. நான் ஒரு சேகர கமிட்டில (சபை நிர்வாகக் குழு) செக்ரட்டரி, வயசுல எல்லாரையும் விட சின்னவன், எக்செல் தெரியும்ங்கிற ஒரே தகுதில 3 வருஷம் முன்னாடி போட்டாங்க. ஊர் பேரு வேண்டாம்.

இந்த வருஷ வாக்குத்தத்த வசனமா எங்களுக்கு பைபிள்லருந்து மீகா 6:8 வந்திருக்கு. "நியாயஞ்செய்து, இரக்கத்தைச் சிநேகித்து, உன் தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நடப்பதை அல்லாமல் வேறே என்னத்தைக் கர்த்தர் உன்னிடத்தில் கேட்கிறார்"னு பத்தடி பேனர், கோயில் வாசல்லயே. அதுக்குக் கீழதான் பிரச்சினையே.

எங்க செக்ஸ்டன், அதான் சர்ச்சப் பாத்துக்கிற வேலையாள், 19 வருஷமா இருக்காரு. காலைல நாலரைக்கு மணி அடிக்கது, கூட்டிப் பெருக்கது, மைக்செட்டு, சேர் போடுறது, அடக்கம் வந்தா கல்லறைத் தோட்டத்துல ஆள் கூட்டிட்டுப் போய் நிக்கது எல்லாம் அவர்தான். ஸ்தோத்திரப் பண்டிகை முடிஞ்சு எண்ணும்போது பணம் இடிச்சுது. கோபுர வேலைக்கு கம்பி சிமெண்டு களவு போகுதேன்னு ஒரு சிசிடிவி வச்சிருந்தோம், அதப் போட்டுப் பாத்தா காணிக்கைப் பெட்டிலருந்து அவர் எடுக்கது தெரியுது, மூணு தடவ. கூப்பிட்டுக் கேட்டதும் மறைக்கல, மொத்தம் 7,400 ரூபா எடுத்தேன், வீட்ல அவளுக்கு கால்ல புண்ணு, சுகர், ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன்னு சொல்லி அழுதுட்டாரு.

கமிட்டில 11 பேரு. 4 பேரு போலீஸ்னு சொல்றாங்க, 3 பேரு சத்தமில்லாம வேலைய விட்டு அனுப்பிருவோம்ங்கிறாங்க, மிச்சம் பேரு தரையப் பாக்காங்க. ஐயர் (எங்க பாஸ்டர்) வர்ற ஞாயிறுக்குள்ள முடிவு சொல்லுங்கன்னுட்டாரு. எது நியாயம், எது இரக்கம்? நெசமாவே கேக்கேன்.

கணக்கப்பிள்ளை58:
தம்பி, நான் பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவன், எங்க சேகரத்துல 17 வருஷம் பொருளாளர். மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா காணிக்கைப் பெட்டில விழுறது பாதி பீடி சுத்துற பொம்பளைங்க காசு. ரெண்டு காசு போட்ட விதவைய இயேசு உக்காந்து கவனிச்சுப் பாத்தாரே, அந்தக் காச எடுத்தவன இரக்கம்னு சொல்லி விட்டா அந்த விதவைக்கு யாரு நியாயம் சொல்றது? அப்போஸ்தலர் 5ல நிலத்த வித்து ஒரு பங்க ஒளிச்சு வச்ச புருஷன் பொண்டாட்டி அனனியா சப்பீராள் எடுத்தது கூட அவங்க சொந்த நிலத்துப் பணம்தான், இவரு எடுத்தது பிறத்தியார் பணம். போலீஸ் வேண்டாம், கோயில் பேரு நாறும். எழுதி வாங்கிட்டு வேலைய விட்டு நிறுத்துங்க. ஒரு தடவ விட்டா அப்புறம் பெட்டிக்கு பூட்டு எதுக்கு.

ரட்சிப்பு_முக்கியம்:
பிரதர், முதல்ல அவர் மனந்திரும்பினாரான்னு பாருங்க. அழுறது வேற மனந்திரும்புதல் வேற. யூதாசும் வருத்தப்பட்டான்.

வனாந்தரக்குரல்:
அண்ணே ஒரு சின்ன கேள்வி, அதுக்கப்புறம் மத்தது பேசலாம். அவருக்கு மாசச் சம்பளம் எவ்வளவு?

பொருநைக்கரையான்:
5,500. கிறிஸ்மஸுக்கு வேட்டி சட்டை, அசனத்தன்னிக்கு (கோயில் விருந்து) ஒரு வாளி சாப்பாடு. கோயில் காம்பவுண்டுக்குள்ளயே ஓட்டு வீடு, வாடகை இல்ல, கரண்டு பில்லு மட்டும் அவர் கட்டணும். லீவுன்னு தனியா ஒண்ணும் கெடையாது.

வனாந்தரக்குரல்:
5,500ஐ 30ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 183 ரூபா. நூறுநாள் வேலைக்கு 2024-25ல தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச தினக்கூலி 319. கைக்கு அது முழுசா வருதா இல்லையாங்கிறது வேற கதை, ஆனா கவர்மெண்டு ஏரில மண்ணு வெட்டுறவங்களுக்கு எழுதி வச்ச ரேட்டு அது. உங்க கோபுரத்துக்கு எவ்வளவு பட்ஜெட்டுன்னு கேக்கலாமா?

பொருநைக்கரையான்:
38 லட்சம்.

(சொல்லவே கூச்சமா இருக்கு, ஆனா கேட்டுட்டீங்க)

வனாந்தரக்குரல்:
நான் இறையியல் படிக்கிற பையன், அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

மீகா எட்டாவது வசனத்த மட்டும் வெட்டி எடுத்து காலண்டர்ல போடுறதுனால அது ஏதோ அன்பா சொன்ன அறிவுரை மாதிரி தெரியுது. ஆறாம் அதிகாரம் ஒண்ணாம் வசனத்துலருந்து வாசிச்சுப் பாருங்க, அது ஒரு கோர்ட்டு. கடவுள் வழக்கு போடுறாரு, மலைங்கதான் சாட்சி. குற்றவாளிக் கூண்டுல நிக்கிறது யாரு? திருடன் இல்ல. கோயிலுக்கு ஒழுங்கா வர்ற ஜனம். அவங்க கேக்கிறாங்க, என்னத்த கொண்டு வரணும், ஆயிரம் ஆட்டுக்கடாவா, பத்தாயிரம் ஆறா ஓடுற எண்ணெயா, என் தலைப்பிள்ளையவே குடுக்கணுமான்னு. ஏலத்துல ரேட்டு ஏத்துற மாதிரியே போகுது பாருங்க. அதுக்குத்தான் எட்டாம் வசனம் பதில், இதெல்லாம் யாரு கேட்டான்னு. கொஞ்சம் தள்ளி 11ஆம் வசனத்துல உடனே தராசு வருது, கள்ளப் படிக்கல்லு வருது.

மீகா எருசலேம்காரர் இல்ல, மொரேசேத்னு யூதாவோட மேற்கால அடிவாரத்து ஊரு. யோதாம், ஆகாஸ், எசேக்கியா காலம், ஏசாயா தலைநகரத்துல பேசிக்கிட்டு இருந்த அதே சமயம் இவர் கிராமத்துலருந்து வர்றாரு. இவருக்கு பெரிய விஷயம் நிலம். ராத்திரி படுக்கைல திட்டம் போட்டு, விடிஞ்சதும் அடுத்தவன் வயல பிடுங்கிக்கிறவங்கள ரெண்டாம் அதிகாரத்துல திட்டுறாரு. மூணாம் அதிகாரத்துல ஆசாரியன் கூலிக்கு போதிக்கிறான், தீர்க்கதரிசி பணத்துக்கு குறி சொல்றான், ஆனாலும் கர்த்தர் நம்ம நடுவுல இருக்காரு நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிக்கிறாங்கன்னு சொல்றாரு.

அதனால உங்க வாசல்ல தொங்குற வசனத்த செக்ஸ்டன் மேல நீங்க பிரயோகிக்கிறதுக்கு முன்னாடி அது உங்க மேலதான் முதல்ல பாயுது. நம்ம மேலன்னு சொல்லணும், என்னையும் சேத்துதான்.

கணக்கப்பிள்ளை58:
நல்லா பேசுறீங்க தம்பி, ஆனா இது பிரசங்கத்துக்கு சரி. சம்பளம் கம்மின்னா கேட்டிருக்கணும். வீடு சும்மா குடுத்திருக்கு. 5,500ன்னு தெரிஞ்சு, ஒத்துக்கிட்டுத்தானே வேலைக்கு வந்தாரு? சம்பளம் பத்தாதவன் எல்லாம் எடுக்க ஆரம்பிச்சா நான் சர்வீஸ்ல இருந்த பேங்க்ல ஒரு ரூபா மிஞ்சியிருக்காது.

கொள்ளிடம்_கரை:
நான் கத்தோலிக்கன், இடைல வர்றதுக்கு மன்னிக்கணும். கணக்கப்பிள்ளை ஐயா சொன்ன "ஒத்துக்கிட்டுத்தானே வந்தாரு"ங்கிற வார்த்தைக்காகத்தான் எழுதுறேன். 1891ல திருத்தந்தை 13ஆம் லியோ தொழிலாளர்களப் பத்தி ரேரும் நொவாரும்னு ஒரு சுற்றுமடல் எழுதினாரு. அதுல இதே வாதத்த எடுத்து வச்சுப் பேசுறாரு. வேற வழியில்லாம, இதவிட மோசமா எதுவும் நடந்துடக்கூடாதேங்கிற பயத்துல ஒருத்தன் கம்மி கூலிக்கு ஒத்துக்கிட்டா அது சம்மதம் ஆகாது, அவன் பலவந்தத்துக்கும் அநீதிக்கும் பலியானவன்னு சொல்றாரு. சிக்கனமா, ஒழுங்கா வாழ்ற தொழிலாளி சாப்பிட்டு உயிர் வாழப் பத்துற அளவு கூலி இருக்கணும், அது ரெண்டு பேரு போடுற ஒப்பந்தத்துக்கும் மேலான நியாயம்னு. நூத்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு எழுதி. எங்க பங்குகள்ல கோயில் வேல பாக்கிற எத்தனை உபதேசியார்மாருக்கு அது கிடைச்சிருக்குன்னு கேக்காதீங்க, என்னால பதில் சொல்ல முடியாது.

இன்னொண்ணு, எங்க பொது மொழிபெயர்ப்புல அந்த வசனம் "நேர்மையைக் கடைப்பிடித்தலையும்"னு வரும். நியாயம்ங்கிறப்ப யாரோ ஒருத்தருக்கு தீர்ப்பு சொல்ற மாதிரி படுது. நேர்மைன்னு வாசிச்சா நம்ம சட்டைப் பையப் பாக்கத் தோணுது.

ரட்சிப்பு_முக்கியம்:
தப்பா எடுத்துக்காதீங்க, இப்படித்தான் சுவிசேஷம் மெதுவா சோஷியல் சர்வீஸ் ஆயிடுது. கிருபையினால ரட்சிக்கப்பட்டோம், கிரியையினால இல்ல, எபேசியர் 2:8,9. சம்பளம் ஏத்துனா பரலோகம் போயிடலாமா.

நாஞ்சில்லேஸ்:
பிரதர் ஒன்பதோட நிறுத்திட்டீங்களே, பத்தாம் வசனத்தையும் வாசிங்க, நற்கிரியைகளைச் செய்ய சிருஷ்டிக்கப்பட்டோம்னு உடனே வருதே. யாக்கோபு அஞ்சாம் அதிகாரத்துல வயல் அறுத்தவன் கூலி கூக்குரலிடுதுன்னு எழுதியிருக்கு. அந்தச் சத்தம் கர்த்தரோட காதுல விழுதுன்னும் எழுதியிருக்கு. அது சோஷியல் சர்வீஸ் டிபார்ட்மெண்டு காதுன்னு போடல.

ரட்சிப்பு_முக்கியம்:
வசனம் இருக்கு சிஸ்டர், நான் மறுக்கல. வரிசையச் சொன்னேன்.

சும்மா_ஒருத்தன்:
நமக்கு சாமி பூதம் எதுவும் கெடையாது, இந்த இழை நல்லாருக்கேன்னு வாசிக்கிறேன். தராசு பத்தி பேச்சு வந்ததால, "சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்"னு வள்ளுவரும் தராசத்தான் சொன்னாரு, ஒரு பக்கமா சாயாம இருக்கிறதுதான் சான்றோருக்கு அழகுன்னு. உங்க தராசுல ஒரு தட்டுல 7,400, இன்னொரு தட்டுல 19 வருஷம். எதுக்கு இத்தன பேரு அதிகாரம் வசனம் எல்லாம்?

வனாந்தரக்குரல்:
தோழர், எங்களுக்கு வசனம் காட்டினாத்தான் தராசு தெரியும், என்ன பண்றது :)

டோஹா_தனிமை:
அண்ணன்மாரே நான் எழுதலாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன், டூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்துட்டேன் எழுதிர்றேன், எனக்கு இங்க முன்ன இருந்த கம்பெனில நாலு மாசம் சம்பளம் வரல, பேரு வேண்டாம், கேம்ப்ல 6 பேரு ஒரு ரூம்ல, மெஸ்ஸுக்கு காசு கட்டாததால சாப்பாட்ட நிறுத்திட்டான், அப்ப ஸ்டோர்ல கேபிள் வேஸ்ட் கெடக்கும் செம்பு, அத வித்தா காசு வரும்னு எங்க எல்லாருக்கும் தெரியும், ஒருத்தன் எடுத்தான், நான் எடுக்கல, ஆனா அவன் வாங்கிட்டு வந்த குப்பூஸ் ரொட்டிய நான் தின்னேன், வெள்ளிக்கிழமை சர்ச்சுல போய் கண்ண மூடிக்கிட்டு பாட்டும் பாடினேன், அதனால நான் திருடனா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியாது, அந்த கம்பெனிக்காரன் பெரிய மனுஷன், நோம்புக்கு நோம்பு எங்களுக்கெல்லாம் பிரியாணி பொட்டலம் குடுத்து போட்டோ எடுப்பான், என் நாலு மாச சம்பளத்த வச்சுக்கிட்டு எனக்கே பொட்டலம் குடுத்தா அதுக்குப் பேரு என்ன இரக்கமா, அத வாங்கும்போது கைய நீட்டுனேன் பாருங்க அதுதான் எனக்கு இன்னும் ஆறல, வேற யாரையும் குத்தம் சொல்ல இத எழுதல, உங்க செக்ஸ்டனுக்கு கமிட்டி ஏதாவது உதவின்னு கவர் குடுக்கப் போறீங்கன்னா முதல்ல அவருக்கு குடுக்க வேண்டியத குடுத்துட்டு அப்புறம் கவர் குடுங்க, அவ்வளவுதான்.

கொள்ளிடம்_கரை:
தம்பி, வாசிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல.

நாஞ்சில்லேஸ்:
டோஹா தம்பி, எங்க ஊர்க் கதை ஒண்ணு சொல்றேன், உங்களுக்குத்தான். நாகர்கோவில்ல மார்த்தா மால்ட்னு ஒரு மிஷனரி அம்மா, லண்டன் மிஷன்காரங்க, 1820கள்ல பொம்பளப் பிள்ளைங்களுக்கு லேஸ் பின்னக் கத்துக் குடுத்தாங்க. அன்னிக்கு திருவிதாங்கூர்ல அடிமை முறை இருந்துச்சு, 1855லதான் ராஜா விளம்பரம் போட்டு ஒழிச்சாங்க. லேஸ் பின்னுன பிள்ளைங்க சிலபேரு அடிமைகள். அந்த அம்மா பரிதாபப்பட்டு துணியும் அரிசியும் மட்டும் குடுத்திருந்தா நல்ல துரைசாணின்னு பேரு வந்திருக்கும். ஆனா வேலைக்கு கூலி குடுத்தாங்க, அந்தக் கூலிய சேத்து வச்சு அந்தப் பிள்ளைங்க தங்கள விலை குடுத்து மீட்டுக்கிட்டாங்கன்னு எங்க சபை வரலாறுல இருக்கு. எங்க பாட்டியும் லேஸ் பின்னுனவங்கதான், அதனாலதான் என் பேரு.

மிஷனரிங்க எல்லாரும் எல்லாத்துலயும் சரின்னு நான் சொல்ல வரல, அது தனி இழைக்கு.

பொருநைக்கரையான் தம்பிக்கு ஒரு கேள்வி. இந்த 11 பேர்ல, எதுக்கு எடுத்தீங்கன்னு கேட்டது சரி, அந்த அம்மாவப் போய் யாராவது பாத்தீங்களா? காம்பவுண்டுக்குள்ளதானே வீடு. கால்ல புண்ணுன்னா எந்த மட்டுல இருக்கு, விரல் எடுத்திருக்காங்களா, முதலமைச்சர் காப்பீடு கார்டு இருக்கா, இல்லையா? நான் நர்சு, அதனால கேக்கேன்.

பொருநைக்கரையான்:
போகல அக்கா. யாரும் போகல.

பொருநைக்கரையான்:
போயிட்டு வந்தேன். ரெண்டு விரல் எடுத்திருக்கு, புண்ணு இன்னும் ஆறல. கார்டு எடுக்கல, வருமானச் சான்றிதழ் வாங்க விஏஓ ஆபீசுக்கு அலையணும், இவருக்கு பகல்ல கோயில விட்டு நகர முடியாது. பஸ்ஸுல போக முடியாம ஆட்டோவுக்கு ஒரு தடவைக்கு 400 ஆகுது, வாரத்துக்கு ரெண்டு தடவ கட்டு மாத்தணும்.

இது இல்ல நான் சொல்ல வந்தது. கணக்கப்பிள்ளை அண்ணாச்சி சம்பளம் கம்மின்னா கேட்டிருக்கணும்னு எழுதியிருந்தீங்கள்ல. அந்த அம்மா சொன்னாங்க, அவுக எழுதிக் குடுத்தாவளேன்னு. நான் வீட்டுக்கு வந்து மினிட்ஸ் புக்க எடுத்துப் பாத்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி, எட்டாவது பொருளா இருக்கு. "செக்ஸ்டன் அவர்களின் சம்பள உயர்வு மனு வாசிக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்." அடுத்த கூட்டத்துல கோபுரம் டிசைன் வந்துச்சு, அத மறந்துட்டோம். கையெழுத்து என்னோடது. மினிட்ஸ் எழுதினதே நான்தான்.

அவர் எழுதிக் குடுத்தது எனக்கு நெஜமாவே ஞாபகமில்ல. அதுதான் பயமா இருக்கு.

கணக்கப்பிள்ளை58:
வாசிச்சேன்.

வனாந்தரக்குரல்:
அண்ணே உங்கள குத்திக் காட்ட இல்ல, கணக்கு கேக்கிற ஆளுங்க இங்க இருக்கிறதால ஒரு கணக்கு. 319ல 183 போனா 136. மாசத்துக்கு 4,080. அவர் எடுத்த 7,400ங்கிறது ரெண்டு மாசம் நீங்க குறைச்சுக் குடுத்ததுக்கு கீழதான் வருது, ரெண்டு மாசத்துக்கு 8,160. மனு குடுத்து ரெண்டு வருஷம்.

கணக்கப்பிள்ளை58:
கணக்கு சரி. பேப்பர்ல போட்டுப் பாத்தேன்.

அதுக்காக களவு களவு இல்லன்னு ஆயிடாது தம்பி, இத நான் விட மாட்டேன். ஒடிசாவுல மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவரோட ரெண்டு பிள்ளைங்களையும் 1999 ஜனவரில வண்டியோட வச்சு எரிச்சாங்க. அவர் சம்சாரம் கிளாடிஸ் அம்மா மன்னிச்சேன்னு சொன்னாங்க, பாரிபதால தொழுநோயாளிங்களோட இன்னும் சில வருஷம் இருந்து வேல பாத்தாங்க. ஆனா அவங்களே சொன்னாங்க, என் மன்னிப்பு வேற, குத்தத்துக்கு சட்டம் குடுக்கிற விளைவு வேற, ரெண்டையும் போட்டு குழப்பக்கூடாதுன்னு. கேசு நடந்துச்சு, ஆயுள் தண்டனை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2011ல உறுதியாச்சு. மன்னிக்கிறதுன்னா நடந்தத இல்லன்னு சொல்றது இல்ல. அவர் எடுத்தத அவர் திரும்பக் கட்டணும், லேவியராகமம் 6ல முதலோட அஞ்சுல ஒரு பங்கு சேத்துக் கட்டச் சொல்லியிருக்கு. 7,400க்கு 1,480, ஆக 8,880.

ஆனா அதே அதிகாரம் வேலை வாங்கினவனுக்கும் பொருந்தும்னு இப்ப எனக்கு தெரியுது. அயலானிடத்துல பிடுங்கி வச்சிருக்கிறதத் திருப்பிக் குடுன்னும் அங்கதான் இருக்கு.

17 வருஷத்துல நான் போட்ட பட்ஜெட்ல செக்ஸ்டன் சம்பளம் எங்க இருந்துச்சுன்னு நேத்து யோசிச்சேன். "இதர செலவுகள்". கரண்டு பில்லுக்கு கீழ, பினாயில் துடைப்பத்துக்கு மேல.

வனாந்தரக்குரல்:
ஐயா, நீங்க சொன்ன ஸ்டெயின்ஸ் விஷயத்த நான் ஏத்துக்கிறேன். நான் அந்தப் பக்கம் சாஞ்சுட்டேன்தான். பவுல் பிலேமோனுக்கு அவரோட அடிமை ஒநேசிமுவப் பத்தி எழுதினதும் அப்படித்தானே, ஒநேசிமு ஒண்ணும் தப்பு பண்ணல விட்டுருன்னு எழுதல. அவன் உமக்கு கடன்பட்டிருந்தா "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்"னு எழுதினாரு. கடன் அழியல, யாரோ ஒருத்தர் கட்டுறாங்க.

இன்னொண்ணு கேக்கணும், கேக்கக் கூடாதுன்னு நெனச்சேன், கேட்டுர்றேன். செக்ஸ்டன் எந்தத் தெரு? கமிட்டி எந்தத் தெரு?

மாடரேட்டர்:
வனாந்தரக்குரல், ஊர் தெரு அடையாளம் வர்ற மாதிரி வேண்டாம்.

வனாந்தரக்குரல்:
பேரு கேக்கலங்க. ரெண்டும் ஒரே தெருவான்னு கேட்டேன்.

பொருநைக்கரையான்:
ஒரே தெரு இல்ல. நீங்க நினைக்கிறதுதான்.

அதோட இதையும் சொல்லிர்றேன், போன வருஷம் கோபுரம் காண்ட்ராக்டருக்கு 60,000 அட்வான்ஸ் போச்சு, இன்னிக்கு வரைக்கும் பில்லு வரல. அவர் கமிட்டி மெம்பர் ஒருத்தரோட சகலை. அப்ப யாரும் போலீஸ்னு பேசல. "வந்துரும் விடுங்க"ன்னோம்.

வனாந்தரக்குரல்:
இதத்தான் கேட்டேன் அண்ணே. நான் வந்தது அந்தத் தெருவுலருந்து, எங்க தாத்தாவும் கோயில் மணி அடிச்சவருதான். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833லயே சபைக்குள்ள சாதி ஆகாதுன்னு கடுதாசி போட்டாரு, தஞ்சாவூர் பக்கம் நிறையபேரு சாதிய விடுறதுக்கு பதிலா சபைய விட்டாங்க. 1950 ஜனாதிபதி ஆணைப்படி எங்க ஆளுங்க கிறிஸ்தவனா இருந்தா எஸ்சி லிஸ்ட்ல கெடையாது, சீக்கியருக்கு 1956ல, பௌத்தருக்கு 1990ல சேத்தாங்க, எங்களுக்கு இன்னும் இல்ல. கவர்மெண்டு கிட்ட போனா நீ கிறிஸ்தவன் உனக்கு ஏது சாதிங்கிறான், கோயிலுக்கு வந்தா முதல் கேள்வியே அதுதான்.

கொள்ளிடம்_கரை:
எங்க திருச்சி மேலப்புதூர் கல்லறைல செத்தவங்களுக்கு நடுவுலயே சாதிச் சுவர் கட்டி வச்சிருந்தவங்க நாங்க. நான் என்ன பேச.

கணக்கப்பிள்ளை58:
விஷயத்துக்கு வருவோம். ஞாயிறு நெருங்குது. எங்க ஆளுங்க சிலபேரு கிட்ட பேசினேன், பொதுவா, பேரு சொல்லாம. வேலைல வச்சுக்கலாம் ஆனா ஆராதனைல முன்னாடி வந்து சபைகிட்ட மன்னிப்பு கேக்கட்டும்ங்கிறாங்க. எனக்கும் அது சரின்னு படுது. மீகா வசனத்துல தாழ்மைன்னு மூணாவதா இருக்கே.

நாஞ்சில்லேஸ்:
அண்ணாச்சி வேண்டாம். அவர் மகள கட்டிக் குடுத்த வீட்டுலருந்தும் அந்த ஆராதனைக்கு வருவாங்க. மத்தேயு 18ல முதல்ல தனிச்சுப் போய் பேசுன்னுதானே இருக்கு, மைக்கக் குடுன்னு இல்ல.

வனாந்தரக்குரல்:
ஐயா, அந்த மூணாவது வார்த்தை எபிரேயத்துல கொஞ்சம் அபூர்வமானது, ஹட்ஸ்னேயான்னு வரும். நீதிமொழிகள் 11:2ல "தாழ்ந்த சிந்தையுள்ளவர்களிடத்தில் ஞானம் உண்டு"ங்கிற இடத்துல அதோட சொந்தக்கார வார்த்தை இருக்கு. அடக்கமா, தன்ன முன்னுக்குத் தள்ளாமங்கிற அர்த்தம். கவனிச்சீங்கன்னா அது அடுத்தவன் செய்ய வேண்டியது இல்ல, நாம நடக்க வேண்டிய நடை. அவர நாம கூட்டத்துக்கு முன்னாடி நிறுத்துனா அதுக்குப் பேரு தாழ்மை இல்ல, தாழ்த்துறது. போஸ்டர்ல "தாழ்மையுள்ள ஊழியன்"னு ஆறடி போட்டோ போடுற ஊரு நமக்கு, இது ரெண்டும் குழம்புறது சகஜம்தான்.

கொள்ளிடம்_கரை:
ஏழைங்களுக்கு உதவுற எங்க வின்சென்ட் தே பவுல் சபைல கூட்டம் முடியும்போது ஒரு பை சுத்தி வரும், ரகசியப் பைன்னு. கைய உள்ள விட்டு வெளில எடுப்போம், போட்டமா போடலையா யாருக்கும் தெரியாது. வீடு சந்திக்கப் போறப்ப ரெண்டு ரெண்டு பேராப் போவோம். பல வருஷம் போயிருக்கேன், டோஹா தம்பி எழுதினத வாசிச்ச பிறகு யோசிக்கிறேன், நான் பொட்டலத்தோட போன வீட்டுல எத்தன வீடு எங்க பங்கு ஸ்கூல்லயே ஆயா வேல பாக்கிறவங்க வீடுன்னு.

நாஞ்சில்லேஸ்:
நம்ம திருநெல்வேலிக்காரர் அசரியா, வெள்ளாளன்விளைல பிறந்தவரு, பிஷப் ஆகுறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி 1910ல எடின்பரோ மாநாட்டுல வெள்ளக்கார மிஷனரிங்க முன்னாடியே பேசினாருல்ல. ஏழைங்களுக்கு உங்க பொருளக் குடுத்தீங்க, உங்க சரீரத்தையே சுட்டெரிக்கக் குடுத்தீங்க, நாங்க அன்பையும் கேக்கிறோம், எங்களுக்கு நண்பர்களத் தாங்கன்னு. அங்க வெள்ளக்காரனப் பாத்து நாம கேட்டது. இங்க நம்மளப் பாத்து செக்ஸ்டன் கேட்டா? 19 வருஷத்துல எத்தன கமிட்டி மெம்பர் அவர் வீட்டுத் திண்ணைல உக்காந்து ஒரு காப்பி குடிச்சிருப்பாங்க. தம்பி, நீங்க போனீங்கள்ல, குடிச்சீங்களா?

பொருநைக்கரையான்:
கடுங்காப்பி குடுத்தாங்க. குடிச்சேன் அக்கா. முதல் தடவ.

டோஹா_தனிமை:
அண்ணே ஞாயித்துக்கிழமை என்னாச்சுன்னு கண்டிப்பா எழுதுங்க, இங்க வெள்ளிக்கிழமையே சர்ச் முடிஞ்சுரும், ஜெபிச்சுக்கிறேன்.

ரட்சிப்பு_முக்கியம்:
நானும் ஜெபிக்கிறேன் பிரதர். அந்த சிஸ்டரோட காலுக்காக. அட்ரஸ் கேக்கல, கூகுள் பே நம்பர் மட்டும் தனி மெசேஜ்ல அனுப்புங்க, ஆட்டோவுக்கு ஆகட்டும்.

சும்மா_ஒருத்தன்:
எனக்கும்.

பொருநைக்கரையான்:
கூட்டம் முடிஞ்சுது, ராத்திரி பதினொண்ணு ஆயிட்டு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு எழுத ஆசை, அப்படி இல்ல.

முதல்ல நான் எந்திரிச்சு அந்த எட்டாவது பொருள வாசிச்சேன், கையெழுத்து என்னோடதுன்னும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேன் சத்தம் மட்டும்தான். அப்புறம் ஒருத்தர், அந்தக் கூட்டத்துக்கு நான் வரல என் பேரு அதுல வரக்கூடாதுன்னு ஆரம்பிச்சு ஒரு முக்கா மணி நேரம் அதுலயே போச்சு. போலீஸ் இல்லன்னு முடிவாச்சு. வேலைல இருக்கட்டும். எடுத்தத மாசம் 500 வச்சு பிடிக்கிறது, அஞ்சுல ஒரு பங்கு எல்லாம் வேண்டாம்னு ஐயரே சொல்லிட்டாரு. சம்பளம் 9,500. ரெண்டு வருஷத்துக்கு அரியர் குடுக்கணும்னு நான் கேட்டேன், 7க்கு 4ல தோத்துருச்சு. கோபுரப் பணத்துல கை வைக்கக் கூடாதுன்னாங்க, அது நேர்ந்துக்கிட்ட பணமாம். வாரத்துல ஒரு நாள் லீவு, அன்னிக்கு வாலிபர் சங்கப் பிள்ளைங்க முறை வச்சு மணி அடிக்கணும், நாலரைக்கு எந்திரிப்பானுவளான்னு பாக்கணும். ஒருத்தர் கமிட்டிய விட்டு விலகுறேன்னு லெட்டர் குடுத்துட்டாரு. 60,000 விஷயத்தயும் பேசினேன், "அது வேற இது வேற"ன்னுட்டாங்க. சகலைகாரர் இப்ப என்கூட பேசுறதில்ல.

செக்ஸ்டன உள்ள கூப்பிட்டு ஐயர் சொன்னாரு. அவர் சம்பளத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல. பெட்டி சாவிய எடுத்து மேசைல வச்சுட்டு, இனிமே இத என்கிட்ட தராதீங்க ஐயா, எண்ணும்போதும் ரெண்டு பேரு கூட இருங்கன்னுட்டு போயிட்டாரு.

நாஞ்சில்லேஸ்:
காப்பீடு கார்டு?

பொருநைக்கரையான்:
லீவு நாள்ல நான் பைக்ல கூட்டிட்டுப் போறேன் அக்கா, செவ்வாய்க்கிழமை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் வேற ஏதும் வேணுமா?

நாஞ்சில்லேஸ்:
அது போதும். விஏஓ கையெழுத்த முதல்ல வாங்கிருங்க. கட்டு மாத்துறது வீட்டுலயே செய்யலாம், எப்படின்னு தனி மெசேஜ்ல எழுதுறேன், அந்த அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுங்க.

கணக்கப்பிள்ளை58:
அரியர் தோத்தது தப்பு தம்பி. கடவுளுக்கு நேர்ந்தாச்சு, கொர்பான்னு சொல்லி பெத்தவங்களுக்குக் குடுக்க வேண்டியதக் குடுக்காதவங்கள இயேசு மாற்கு 7ல திட்டியிருக்காரு, அடுத்த கூட்டத்துல அத வாசிங்க. பொதுக்குழுவுல திரும்ப வைங்க.

அப்புறம், சம்பளத் தீர்மானத்த மினிட்ஸ்ல எப்படி எழுதியிருக்கீங்க?

பொருநைக்கரையான்:
"ஏப்ரல் 1 முதல் மாதம் ரூ. 9,500 வழங்கப்படும்"னு அண்ணாச்சி.

கணக்கப்பிள்ளை58:
தேதி இருக்கா, சரி. பட்ஜெட்ல தனித் தலைப்பு போடுங்க. இதர செலவுகள்ல போட்டுறாதீங்க.